மூன்று சமயத்தாரும் ஒன்றாக இருக்கும் வகுப்பில் கூர்ப்பைக் கற்பிப்பது எப்படி

கிழக்கிலங்கையில் மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ நடைபெறும் ஓர் உயர்தர உயிரியல் தனியார் வகுப்பை எடுத்துக்கொண்டால், காரைதீவிலிருந்து வரும் சைவ மாணவியும் காத்தான்குடியிலிருந்து வரும் முஸ்லிம் மாணவனும் புளியந்தீவுக் கத்தோலிக்க மாணவரும் ஒரே வாங்கில் அமர்ந்திருப்பார்கள். கூர்ப்பு (பரிணாமம்) அலகு தொடங்கும் நாளில் ஆசிரியர் பலர் குறிப்பை வேகமாகச் சொல்லி எழுதுவித்துவிட்டு, "இதைப் பரீட்சைக்காக மட்டும் படியுங்கள், நம்ப வேண்டியதில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். சமயத்துக்கு மரியாதை செய்வதாக நினைத்தே அவர்கள் அவ்வாறு சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியம், சான்றுகளைப் பார்த்து முடிவு செய்வதே விஞ்ஞானம் என்ற அடிப்படையை மாணவரின் மனத்தில் குலைத்துவிடுகிறது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அதைச் சொல்லாமலே இந்த அலகை நடத்த முடியும்.

முதலில் சொற்களைச் சரிசெய்யுங்கள். தமிழில் இந்த விவாதம் பாதிக்கு மேல் சொற்களால் வருகிறது. நமது பாடநூலில் உள்ள "கூர்ப்பு" என்ற சொல் கூர்மையாதலை நினைவூட்டுவதாலும், தமிழகத்து நூல்களில் வரும் "பரிணாம வளர்ச்சி" என்ற தொடரில் வளர்ச்சி ஒட்டிக்கொண்டிருப்பதாலும், உயிரினங்கள் தாழ்விலிருந்து உயர்வை நோக்கி ஏறிச்செல்கின்றன என்று மாணவர் எண்ணிவிடுகிறார்கள். ஒரு குடித்தொகையின், அதாவது ஓரிடத்தில் சேர்ந்து வாழும் ஓரினத்து உயிர்க் கூட்டத்தின், பரம்பரை இயல்புகள் தலைமுறைகளூடாக மாறுவதே கூர்ப்பு என்றும், அதில் மேல் கீழ் என்ற ஏணி கிடையாது என்றும் கரும்பலகையில் எழுதிவையுங்கள். அடுத்து "கொள்கை" என்ற சொல். அரசியல் கட்சிக்கும் கொள்கை உண்டு, சமயத்துக்கும் கொள்கை உண்டு. ஆதலால் கூர்ப்புக் கொள்கை என்றதும், ஏற்கலாம் அல்லது விடலாம் என்ற தரப்பு நிலைப்பாடாகவே அது காதில் விழுகிறது. விஞ்ஞானத்தில் கொள்கை என்பது பல்வேறு சான்றுகளை ஒன்றாக விளக்கி, சோதனைகளைத் தாங்கி நிற்கும் விளக்கமாகும். நோய்கள் கிருமிகளால் பரவுகின்றன என்பதும் அவ்வகைக் கொள்கையே. இவ்விரண்டு சொற்களுக்கும் அரை மணி நேரம் செலவழித்தால், பின்னர் வரும் வாக்குவாதங்களில் பல எழவே மாட்டா.

சான்றுகளை மனிதனில் தொடங்காதீர்கள். வயலில் தொடங்குங்கள். அம்பாறை மாவட்டத்து மாணவர்களில் வேளாண்மைக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறையவே இருப்பார்கள். நெற்பயிருக்கிடையே நெல்லைப் போலவே நிமிர்ந்து நிற்கும் புல்லை, கதிர் வரும் வரை பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பது அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அந்தப் புல் ஏன் நெல்லைப் போல இருக்கிறது என்று கேளுங்கள். விடையை உடனே சொல்லிவிடாமல், கையால் களை பிடுங்குபவர் எதைப் பிடுங்குவார் என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். அடித்தண்டு சிவந்து, தரையோடு படர்ந்து, நெல்லிலிருந்து வேறுபட்டுத் தெரிவதையே அவர் பிடுங்குவார். நெல்லைப் போல நிமிர்ந்து பச்சையாக நிற்பது தப்பிவிடும். தப்பியது விதை உதிர்க்கும். அடுத்த போகத்தில் அவ்வகைப் புல்லே மிகுந்திருக்கும். எவரும் திட்டமிடாமல், களை பிடுங்கிய கைகளே தலைமுறை தலைமுறையாக அந்தப் புல்லை நெல்லைப் போல ஆக்கியிருக்கின்றன. சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் இவ்வகைப் புல்லின் மரபுத்தொகுதியை ஆராய்ந்து 2019 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இந்த ஒப்புமை அங்கே ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன்னர் உருவானதாகக் காட்டியது.

இந்த இடத்தில் சற்று நின்று ஒரு பிழையைத் திருத்த வேண்டும். களைநாசினி வேலை செய்யாதபோது "புல் மருந்துக்குப் பழகிவிட்டது" என்றே நம் ஊரில் சொல்வார்கள். எந்த ஒரு புல்லும் தன் வாழ்நாளில் மருந்துக்குப் பழகி, அந்தப் பழக்கத்தைத் தன் விதைக்குக் கொடுக்கவில்லை. மருந்தைத் தாங்கக்கூடிய வேறுபாடு சில செடிகளில் விகாரத்தால், அதாவது மரபுப்பொருளில் தற்செயலாக நேர்ந்த மாற்றத்தால், ஏற்கெனவே இருந்தது. மற்றவை மடிய, அவை மட்டும் விதை விட்டன. "தேவைப்பட்டதால் மாறியது" என்று எழுதும் மாணவருக்குப் புள்ளி குறைப்பதோடு நிறுத்தாமல், "வேறுபாடு இருந்தது, வடிகட்டல் நடந்தது, எஞ்சியது பெருகியது" என்ற மூன்று படிகளில் அதே விடையைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். இயற்கைத் தேர்வு முழுவதும் அந்த மூன்று படிகளுக்குள் அடங்கிவிடுகிறது.

வயலுக்கு அடுத்து நுளம்பு. மலேரியாவை ஒழிக்க இலங்கையில் 1946 முதல் டி.டி.ரி. என்ற பூச்சிநாசினி பரவலாகத் தெளிக்கப்பட்டது; 1963 இல் நாடு முழுவதும் 17 நோயாளர்களே பதிவாகினர். பின்னர் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்ததால் நோய் மீண்டும் பெருகியது. அப்போது டி.டி.ரி.யைத் தாங்கும் நுளம்புகளும் பரவியிருந்தமையால், 1977 இல் மலத்தியோன் என்ற வேறொரு பூச்சிநாசினிக்கு மாற வேண்டியிருந்தது. மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் 2016 இல் தான் கிடைத்தது. காய்ச்சலின் கதையை வீட்டில் பாட்டன்மாரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். கிழக்கில் அதை அறியாத முதியவர் அரிது.

இவ்வளவும் ஒரே இனத்துக்குள் நிகழும் சிறிய மாற்றம்தானே, ஒரு வகை உயிர் வேறொன்றாகுமா என்று அடுத்து கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. அதை மதித்து விடை சொல்லுங்கள். மீன்களிலிருந்து நான்கு கால்களுடைய முதுகெலும்பு விலங்குகள் தோன்றியிருப்பின், இடைப்பட்ட காலப் பாறைகளில் இடைப்பட்ட உடலமைப்பு இருக்க வேண்டும் என்று கணித்து, கனடாவின் வடதுருவப் பகுதியில் ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டு பழைமையான பாறைகளைத் தேடிச் சென்றவர்கள், 2004 இல் டிக்டாலிக் என்ற உயிர்ச்சுவட்டைக் கண்டெடுத்தார்கள். செதிலும் செட்டையும் உடைய அந்த மீனுக்குக் கழுத்தும், செட்டைக்குள் மணிக்கட்டுப் போன்ற எலும்புகளும் இருந்தன. ஆனால் அதை நமது நேரடி மூதாதை என்று சொல்லிவிடாதீர்கள். அதைவிடப் பழைமையான, ஏறத்தாழ 39 கோடி ஆண்டுக்கு முந்திய, நான்கு கால் விலங்கின் அடிச்சுவடுகள் போலந்தில் கிடைத்ததாக 2010 இல் அறிவிக்கப்பட்டது. கால்கள் எப்போது தோன்றின என்பது இன்றும் ஆராயப்படும் கேள்வி. மீன்களிலிருந்தே தோன்றின என்பதில் உயிரியலாளரிடையே ஐயமில்லை. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினால், விஞ்ஞானிகளே சண்டையிடுகிறார்கள் என்ற வாதம் தானாகவே வலுவிழக்கும்.

"சேர், குரங்கிலிருந்து மனிதன் வந்திருந்தால் குரங்குகள் ஏன் இன்னும் இருக்கின்றன?" என்பது தவறாமல் வரும். நமது மாவட்டங்களில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாகக் குடி பார்ப்பவர்கள் ஆதலால் விடை எளிது. பெரியம்மாவின் பிள்ளை உங்களுக்கு மூதாதை ஆகமாட்டார். இருவருக்கும் பொதுவான பாட்டி ஒருவர் இருந்தார். மனிதனும் சிம்பன்சியும் அவ்வாறே ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பொது மூதாதையிடமிருந்து பிரிந்தவர்கள். மரபுப்பொருளைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் மனிதனில் 23 சோடியும் சிம்பன்சியில் 24 சோடியும் இருக்கின்றன. மூதாதை ஒன்றென்றால் ஒரு சோடி எங்கே என்று கேட்க வேண்டும். மனிதனின் 2 ஆம் நிறமூர்த்தத்தின் நடுவே, நிறமூர்த்த நுனிகளுக்கு உரிய டீ.என்.ஏ. தொடர் ஒட்டப்பட்ட நிலையில் காணப்பட்டது 1991 இல் வெளியிடப்பட்டது. மூதாதையின் இரு நிறமூர்த்தங்கள் மனித வழியில் ஒன்றாக இணைந்துவிட்டன; இரு கயிறுகளை முடிந்த முடிச்சு அது.

இனிச் சமயம். இங்கே ஆசிரியர் செய்யும் பெரிய தவறு எதிர்ப்பதன்று, இணக்கம் காட்ட அவசரப்படுவதே. "புல்லாகிப் பூடாய்" என்ற சிவபுராண அடியைச் சொல்லி, டார்வின் 1859 இல் சொன்னதை மாணிக்கவாசகர் முன்னரே சொல்லிவிட்டார் என்று மேடைகளில் கேட்கிறோம். அந்த அடி பிறவிதோறும் உழன்று இளைத்த ஓர் உயிரின் முறையீடு. இனங்கள் தோன்றிய வரலாறு அன்று. அதை உயிரியலாக வாசிப்பது திருவாசகத்தின் உருக்கத்தைக் குறைப்பதாகவே எனக்குப் படுகிறது. அவ்வாறே அல்குர்ஆன் வசனங்களையும் ஆதியாகமத்தின் ஆறு நாள்களையும் ஆய்வுகூட முடிவுகளோடு பொருத்திக் காட்ட முயலாதீர்கள். அவற்றுக்கு விளக்கம் சொல்லும் தகுதி மௌலவிமாருக்கும் குருமாருக்கும் உரியது.

அதேவேளை, சமயங்கள் எல்லாம் ஒரே குரலில் மறுக்கின்றன என்ற எண்ணத்தையும் விட்டுவைக்காதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1950 இல் மனித உடலின் தோற்றம் குறித்த ஆய்வுக்கு இடமளித்தது. 1996 இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல், கூர்ப்பு வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என்று கூறினார். தாவர, விலங்குகளில் கூர்ப்பை ஏற்று, ஆதம் நபியின் படைப்பை விலக்காகக் கொள்ளும் முஸ்லிம் அறிஞர்களும் இருக்கிறார்கள். முழுமையாக மறுப்பவர்களும் ஏற்பவர்களும் இருக்கிறார்கள். மனிதனின் தோற்றம் பற்றிய அந்த இடத்தில் முரண்பாடு உண்மையாகவே இருக்கிறது என்பதை மழுப்பாமல் சொல்லுங்கள். சான்றுகள் காட்டுவது இது, உங்கள் நம்பிக்கை சொல்வது அது, இரண்டையும் எவ்வாறு வைத்துக்கொள்வது என்பதை நீங்கள் உங்கள் பெரியவர்களோடு கலந்து தீர்மானியுங்கள் என்று கூறினால், மாணவர் உங்கள் நேர்மையை மதிப்பார்கள். காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டம் பெற்று, விஞ்ஞான ஆசிரியராக இருந்து, பின்னர் துறவு ஏற்றவர் என்பதை ஒருமுறை நினைவூட்டலாம். அதைக் கூர்ப்புக்குச் சாட்சியாக நீட்ட வேண்டாம்.

பெற்றோர் விளக்கம் கேட்டு வந்தால் வாசலில் நின்று விவாதிக்காமல், உள்ளே அமரச் செய்து பிள்ளையின் குறிப்புக் கொப்பியைத் திறந்து காட்டுங்கள். அதில் களைப்புல்லும் நுளம்பும் நிறமூர்த்தமும் இருக்கும். எந்தச் சமயத்தையும் பற்றி ஒரு வரியும் இராது. வினாத்தாள் தயாரிக்கும்போதும் இதே எல்லையைக் காத்துக்கொள்ளுங்கள். "கூர்ப்பை நீர் நம்புகிறீரா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். "நெல்வயற் புல் நெல்லை ஒத்திருப்பதை இயற்கைத் தேர்வின் மூன்று படிகளில் விளக்குக, அவ்விளக்கம் பிழையாயின் வயலில் எதைக் காண நேரிடும் எனக் கூறுக" என்று கேளுங்கள்.