நோயாளிக்காக ஜெபிக்கப் போகிறீர்களா?

ஆஸ்பத்திரியில் இருக்கும் சபையாரைப் பார்க்கப் போனால், நுழைந்ததுமே கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் பக்கத்தில் உட்காருங்கள். வேதாகமத்தில் பெருந்துன்பப்பட்ட யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் 7 நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரிதான். துன்பத்துக்குக் காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கர்த்தரே அவர்கள்மேல் கோபப்பட்டார். ஆகவே "ஏதோ பாவம் இருக்கும்", "விசுவாசம் போதவில்லை" போன்ற பேச்செல்லாம் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், "ஜெபிக்கலாமா? எதுக்காக ஜெபிக்கணும்?" என்று அவரிடமே கேளுங்கள். சிலர், "இன்னைக்கு ராத்திரி தூக்கம் வந்தா போதும்" என்பார்கள். அதையே கேட்டு ஜெபியுங்கள். இரண்டு நிமிடம் போதும், மெல்லிய குரலில். பக்கத்துக் கட்டிலிலும் ஒருவர் படுத்திருக்கிறார். வாசிக்க 23-ஆம் சங்கீதம் பெரும்பாலும் பொருந்தும். மனம் கசந்து போனவருக்கு நான் 13-ஆம் சங்கீதத்தைத்தான் சொல்வேன். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கடவுளிடமே முறையிடும் சங்கீதம் அது, மொத்தம் 6 வசனம்தான்.

கிளம்பும் முன், துணைக்கு இருப்பவர் சாப்பிட்டாரா என்று விசாரியுங்கள். முடிந்தால், அவர் வெளியே போய்வரும்வரை நீங்கள் உட்கார்ந்திருங்கள்.