மான்கறி சாசேஜுக்குப் பதில் ஆட்டுக்கறி சாசேஜ்

வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் மான்கறி சாசேஜை இங்கே நினைக்கவே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டையும் அந்தக் கறியை விற்பதும் குற்றம். மான்கறியைப் போலவே கொழுப்புக் குறைந்த ஆட்டுத் தொடைக்கறி பெங்களூரு சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் கிடைக்கும். 750 கிராம் கறிக்கு 250 கிராம் கொழுப்பு கட்டாயம். குறைத்தால் மரத்தூள் மாதிரி வறண்டுவிடும்.

இரண்டையும் துண்டுபோட்டு, ஓரம் விறைக்கும்வரை அரைமணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். அரைக்கும்போது சூடேறினால் கொழுப்பு இளகி, வேகும்போது தனியாகப் பிரிந்து ஓடிவிடும்; பலருக்குச் சொதப்புவது இங்கேதான். கொரகொரப்பாக அரைத்ததும் 16 கிராம் உப்பு, 5 கிராம் மிளகுத்தூள், நசுக்கிய பூண்டு நாலு பல், 60 மில்லி ஐஸ் தண்ணீர் சேர்த்துப் பிசையுங்கள். உள்ளங்கையைக் கவிழ்த்தாலும் உருண்டை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதுதான் பதம். துளி எடுத்துப் பொரித்து உப்புப் பாருங்கள்.

கலவையை அடைக்கக் குடல் உறை கிடைக்காவிட்டால் விரல் பருமனில் உருட்டி, வாழையிலையில் சுற்றி, இட்லிப் பானையில் 15 நிமிடம் அவியுங்கள். நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். ஆறியபின் தோசைக்கல்லில் மிதமான தீயில் புரட்டினால் மேலே மொறுமொறுவென்று சிவக்கும்.