மீன்தொட்டிக்குத் தானாக நீர் நிரப்பும் அமைப்பு: தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

கடல்மீன் தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது நன்னீர் மட்டுமே. உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 160 லிட்டர் நீருள்ள தொட்டியில் நாளொன்றுக்கு 3 லிட்டர் குறைந்து, அதை மூன்று நாள் கவனிக்காமல் விட்டால், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு 37-ஐத் தாண்டிவிடும். பெரும்பாலான மீன்கள் இதைப் பொறுத்துக்கொள்ளும். பவளங்களுக்கும் இறால்களுக்கும் இந்த ஏற்ற இறக்கம் ஒத்துக்கொள்வதில்லை. நன்னீர்த் தொட்டியிலும் இதே கணக்குதான். டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 900 உள்ள போர் தண்ணீரை 100 லிட்டர் தொட்டியில் தினமும் 2 லிட்டர் ஊற்றி வந்தால், நீரை மாற்றாத ஒரே மாதத்தில் தொட்டியின் டிடிஎஸ் ஏறக்குறைய 540 கூடிவிடும். கண்ணாடியின் உள்பக்கத்தில் நீர்மட்டத்தை ஒட்டி விரல்நகத்தால் சுரண்டினாலும் வராத வெள்ளைக் கோடு படிவது இதனால்தான்.

எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன்னால், உங்கள் தொட்டியில் எவ்வளவு நீர் ஆவியாகிறது என்பதை ஒரு வாரம் அளந்துவிடுங்கள். சம்ப் (நீரை வடிகட்டுவதற்காகக் கீழே வைக்கும் துணைத்தொட்டி) இருந்தால், நீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் உள்ள அறையில் வழக்கமான மட்டத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, தினமும் ஒரே நேரத்தில் ஒரு லிட்டர் பாட்டிலால் அந்தக் கோடு வரை ஊற்றிக் குறித்துக்கொள்வதே போதும். சம்ப் இல்லையென்றால் தொட்டியின் பரப்பை வைத்துக் கணக்கிடலாம்: 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் நீர் 5 மி.மீ. இறங்கினால் 2.7 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். கோடையில் தொட்டியைக் குளிர்விக்க மின்விசிறி வைப்பவர்களுக்கு இந்த அளவு இரட்டிப்பாகக்கூடும். விசிறி குளிர்விப்பதே நீரை ஆவியாக்கித்தான். ஏ.சி. ஓடும் அறையில் காற்று உலர்ந்திருப்பதால் அங்கும் கூடும். ஆகவே அதிகம் குறையும் பருவத்தில் அளந்த எண்ணையே கணக்கில் கொள்ள வேண்டும்.

சந்தையில் கிடைப்பவை பல என்றாலும் அடிப்படையில் மூன்று வகைகளே உண்டு. மொட்டைமாடித் தொட்டியில் இருப்பதைப் போன்ற சிறிய மிதவை வால்வு முதல் வகை. உயரத்தில் வைத்த வாளியிலிருந்து நீர் தானே இறங்கி வரும், மின்சாரமே தேவையில்லை. இரண்டாவது, ஃப்ளோட் சுவிட்ச். காந்தம் பொதிந்த மிதவை தண்டின் மீது ஏறி இறங்கி, தண்டுக்குள் இருக்கும் சுவிட்சைத் திறந்து மூடும். நீர் இறங்கினால் ஒரு சிறிய பம்ப் ஓடும். மூன்றாவது, ஒளி சென்சார். அதன் கண்ணாடி முனை காற்றில் இருந்தால் உள்ளிருந்து வரும் அகச்சிவப்பு ஒளி திரும்பி வரும், நீரில் மூழ்கினால் ஒளி வெளியேறிவிடும். அந்த வேறுபாட்டை வைத்துக் கருவி மட்டத்தை அறிகிறது. நகரும் பாகம் இல்லாததால் சிக்கிக்கொள்ளாது என்பது இதன் பலம். ஆனால் முனையில் பாசி படிந்தாலோ, நுண்குமிழிகள் ஒட்டினாலோ, நேரடியான விளக்கொளி விழுந்தாலோ இதுவும் ஏமாந்துபோகும்.

விலையையும் துல்லியத்தையும் ஒப்பிடுவதற்கு முன்னால், ஒவ்வொன்றும் பழுதாகும்போது என்ன செய்யும் என்று கேட்டுப் பாருங்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பொங்கல் விடுமுறையில். ஒற்றை ஃப்ளோட் சுவிட்சையும் 40 லிட்டர் டிரம்மையும் நம்பி நான்கு நாள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது, வரவேற்பறைத் தரை ஈரமாகவும் டிரம் காலியாகவும் இருந்தன. மிதவைக்கு மேலே, தண்டை ஒட்டிய இடுக்கில் மிளகளவு நத்தை ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. அதனால் மிதவை மேலெழ முடியாமல், நீர் குறைவாகவே இருக்கிறது என்று பம்ப் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தபோது உப்பு 28-ஐ ஒட்டி நின்றது. பவளங்கள் அனைத்தும் சுருங்கியிருந்தன. இரண்டு ஆண்டுகளாக என் கையிலிருந்தே உணவு வாங்கித் தின்ற கிளீனர் இறால் இறந்துபோயிருந்தது.

ஆகவே குறைந்தது இரண்டு காவல்கள் உள்ள கருவியையே வாங்குங்கள்: வேலை மட்டத்துக்கு ஒரு சென்சார், அதற்கு ஓரிரு செ.மீ. மேலே பம்பை நிறுத்துவதற்காகவே இன்னொன்று. இரண்டும் வெவ்வேறு வகையாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் ஒன்றைக் கெடுக்கும் காரணம் மற்றதையும் சேர்த்துக் கெடுப்பது அரிது. பம்ப் தொடர்ந்து ஓடும் நேரத்துக்கு வரம்பு விதிக்கும் வசதியும் இருக்க வேண்டும்.

எந்தக் கருவியாலும் தர முடியாத பாதுகாப்பைத் தருவது சேமிப்பு வாளியின் அளவு. வாளி முழுவதும் ஒரே இரவில் தொட்டிக்குள் கொட்டினாலும் சம்ப் வழியக் கூடாது, உயிர்களும் பிழைக்க வேண்டும் என்பதே அளவுகோல். 160 லிட்டர் நீரில் 10 லிட்டர் கலந்தால் உப்பு 35-லிருந்து 33-க்கு இறங்கும், பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். 40 லிட்டர் கலந்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்னேன். இதே காரணத்தால், வீட்டுக் குழாயையோ ஆர்.ஓ. இயந்திரத்தின் வெளிக்குழாயையோ மிதவை வால்வுடன் நேரடியாக ஒருபோதும் இணைக்காதீர்கள். அந்த நீருக்கு முடிவே கிடையாது.

வாளியில் ஊற்ற வேண்டியது ஆர்.ஓ. தண்ணீர். கடல் தொட்டிக்கு அதையும், மிச்சமிருக்கும் உப்புகளை நீக்கும் டிஐ ரெசின் வழியாக அனுப்பி, டிடிஎஸ் மீட்டரில் சுழியமாகக் காட்டும் நீரைச் சேர்ப்பதே முறை. குடிநீருக்கான வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகத் தாதுக்கள் மீண்டும் சேர்க்கப்படுகின்றன என்பதால், அளந்து பார்க்காமல் நம்பக் கூடாது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைச் சிலர் பிடித்து ஊற்றுகிறார்கள். அது செம்புக் குழாய்களின் மேல் வழிந்து வரக்கூடியது, செம்போ இறாலுக்கும் பவளத்துக்கும் நஞ்சு. வாளிக்கு மூடி கட்டாயம் வேண்டும், டியூப் நுழையும் துளையும் இறுக்கமாக இருக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இத்தகைய தெளிந்த நீரில்தான்.

பொருத்தும்போது சென்சாரின் இடம் முதன்மையானது. சம்பில் தடுப்புக் கண்ணாடிகளுக்கு முந்தைய அறைகளில் மட்டம் மாறாது. ஆவியாதல் முழுவதும் ரிட்டர்ன் பம்ப் அறையில்தான் தெரியும், ஆகவே சென்சார் அங்கேதான் இருக்க வேண்டும். சம்ப் இல்லாத தொட்டியில் அலை படாத பின்மூலையில் வைத்து, நத்தையும் மீனும் அண்டாதபடி துளையிட்ட உறை ஒன்றைப் போடுங்கள்.

அடுத்தது டியூபின் முனை. இதில்தான் பலரும் தவறுகிறார்கள். முனை நீருக்குள் மூழ்கியிருந்தால் சம்பின் உப்புநீர் வாளிக்குத் திரும்பிப் போகலாம்; வாளியின் நீர்மட்டத்தைவிட முனை தாழ்ந்திருந்தால் பம்ப் நின்ற பிறகும் நீர் சைஃபனாக, அதாவது டியூப் வழியே தானாக இழுபட்டு, இறங்கிக்கொண்டே இருக்கும். எனவே முனை காற்றில், வாளியின் நிறைமட்டத்தைவிட உயரத்தில் நிற்குமாறு கிளிப்பால் இறுக்கிவிடுங்கள். இடவசதி இல்லையென்றால், டியூபின் உச்சிவளைவில் ஊசித்துளை ஒன்று இட்டால் காற்று புகுந்து சைஃபனை முறித்துவிடும். பம்ப் ஓடும்போது அத்துளையில் சொட்டும் நீர் வாளிக்குள்ளேயே விழுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

12 வோல்ட் பம்பையே தேர்ந்தெடுங்கள். 230 வோல்ட் பம்பை ஃப்ளோட் சுவிட்சின் வழியே நேரடியாக ஓட்டினால் உள்ளிருக்கும் மெல்லிய தகடுகள் ஒட்டிக்கொண்டு பம்ப் நிற்காமல் போகலாம். இடையில் ரிலே (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வேண்டும். வயர்கள் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கிப் பின் மேலேறினால், வயர் வழியே வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத மின்இணைப்பில் மீன்தொட்டி இருக்கவே கூடாது.

இயக்கிய முதல் நாளில் அருகிலேயே இருங்கள். சம்பிலிருந்து ஒரு குவளை நீரை எடுத்தால் பம்ப் ஓட வேண்டும், அதைத் திருப்பி ஊற்றினால் நிற்க வேண்டும், நின்றபின் முனையில் ஒழுக்கு இருக்கக் கூடாது. மேல்மட்டச் சென்சாரை விரலால் உயர்த்தி, அதுவும் நிறுத்துகிறதா என்று தனியாகச் சோதியுங்கள். நீர் மாற்றும் நாளில் முதலில் இந்தக் கருவியின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் நீங்கள் எடுக்கும் உப்புநீருக்கு ஈடாக அது நன்னீரை நிரப்பிக்கொண்டிருக்கும். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் பொங்கி வழிந்தாலும் இதேதான் நடக்கும், ஆகையால் உப்பளவு காரணமின்றி இறங்கினால் ஸ்கிம்மரின் கோப்பையைப் பாருங்கள்.

வாரம் ஒருமுறை மிதவையையும் ஒளிமுனையையும் மெல்லிய பிரஷால் துடைத்து, மாதம் ஒருமுறை அரை மணி நேரம் நீர் கலந்த வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள். ஊருக்குப் புறப்படும்போது வாளியை நிரப்புகிற ஆசையை அடக்கி, அளந்த கணக்குப்படி மூன்று நாளுக்கு மட்டும் ஊற்றுங்கள். மீதி நாட்களுக்குப் பாட்டில்களில் நாள் எழுதி வைத்து, பக்கத்து வீட்டாரிடம் சாவியோடு கொடுத்துவிட்டுப் போங்கள்.