கூப்பன் சங்கிலி: பட்டியலில் இல்லாத இளம் பெண்களை எட்டுவது எப்படி?

பணத்துக்கோ பொருளுக்கோ உறவு கொள்ளும் 18–24 வயதுப் பெண்களுக்கு எங்கேயும் பட்டியல் கிடையாது. பாரில் நிற்பவரைப் பார்த்துவிடலாம். வாட்ஸ்அப்பில் பேசிவிட்டு வீட்டிலிருந்தே கிளம்புகிறவரைத் தோழிகளுக்குத்தான் தெரியும். ஜிம்பாப்வே நகரங்களில் எச்ஐவி தடுப்பு ஆய்வுக்கு இவர்களை எட்ட, அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் 1997இல் வகுத்த கூப்பன் முறைதான் கைகொடுத்தது. பேட்டி கொடுத்தவர் தோழிகளுக்குக் கூப்பன் கொடுப்பார், அதோடு வரும் தோழியும் பேட்டி கொடுத்துவிட்டுத் தன் தோழிகளுக்குக் கொடுப்பார். இப்படிச் சங்கிலி நீளும்.

முதலில், அதே வாழ்க்கையை அறிந்த பெண்களைச் சக ஆய்வாளர்களாகச் சேருங்கள். எந்த இடம், எந்த நேரம், என்ன பேச்சு என்று அவர்கள் விசாரித்து வந்த பிறகே கேள்வித்தாளைத் தொடுங்கள். ‘பாலியல் தொழிலாளியா?’ என்றால் பலர் இல்லை என்பார்கள். பணம் வாங்கிக்கொண்டு உறவு கொண்டதுண்டா என்று செயலைக் கேளுங்கள்.

பிறகு சங்கிலியைத் தொடங்கிவைக்கும் ‘விதை’களாக 6 முதல் 8 பேர். வயது, இடம், வாடிக்கையாளரைப் பிடிக்கும் விதம் ஆகியவற்றில் ஒருவர்போல் இன்னொருவர் இருக்கக் கூடாது. எல்லோரும் பார் பெண்களாக இருந்தால் சங்கிலி பாரைத் தாண்டாது. ஆளுக்கு 3 கூப்பன் போதும். அதில் வரிசை எண், இடம், காலாவதித் தேதி மட்டும் இருக்கட்டும். பெயரோ எச்ஐவி என்ற சொல்லோ வேண்டாம். வீட்டில் யார் கையிலாவது சிக்கும்.

பேட்டிக்கு ஒரு சிறு தொகை, அனுப்பிய தோழி வந்தால் இன்னொன்று. தொகையைக் கூட்டினால் கூப்பன் விலைக்குப் போகும், சம்பந்தமில்லாதவர்களும் வந்து நிற்பார்கள். அவர்களைச் சலிக்கச் சக ஆய்வாளர் கேட்கும் இரண்டு உள்ளூர்க் கேள்விகள் போதும். ஒருவரே இருமுறை வருகிறாரா என்று அறிய முன்கை நீளத்தை அளந்து ஒப்பிடலாம். போலீஸ் பயம் உள்ள இடத்தில் கைரேகை கேட்டால் அடுத்த ஆள் வரமாட்டார்.

அதிகம் சொதப்புவது, ஒருவரின் தோழிகள் வட்டம் எவ்வளவு பெரிது என்று அறியும் வலையளவுக் கேள்விதான்: ‘உங்களுக்குத் தெரிந்த, உங்களையும் தெரிந்த, இந்த வயதில் இதே வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர்? கடந்த மாதம் அவர்களில் எத்தனை பேரைப் பார்த்தீர்கள்?’ ‘நிறைய’ என்ற பதிலை ஏற்காதீர்கள். நிறையத் தோழிகள் உள்ளவரிடம் கூப்பன் எளிதில் போய்ச் சேரும் என்பதால், கணக்கிடும்போது அவர் பதிலுக்கு எடையைக் குறைக்க வேண்டும். அதற்கு இந்த எண்தான் ஆதாரம்.

சக ஆய்வாளருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பேசாமல் நாள் சம்பளம் கொடுங்கள். இல்லாவிட்டால் சங்கிலி காகிதத்தில் வளரும். எச்ஐவி பரிசோதனை முடிவை மட்டும் அவர் கையில் கொடுக்கவே கூடாது. அதே தெருக்காரருக்குத் தெரியும் என்றால் யாரும் விரலை நீட்டமாட்டார்கள். முடிவைப் பயிற்சி பெற்ற ஆலோசகர் சொல்லட்டும். தொற்று உறுதியானால் அன்றே சிகிச்சைக்கும், இல்லையென்றால் விருப்பம் கேட்டு எச்ஐவி தடுப்பு மாத்திரைக்கும் அனுப்ப ஏற்பாடு இருக்க வேண்டும்.