நிதி திரட்டும் கர்நாடக இசைக் கச்சேரி: கொழும்பில் முதன்முறை நடத்துவோருக்கு

பாடகர் ஒப்புக்கொண்டுவிட்டார், வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு மண்டபமும் பார்த்தாயிற்று என்ற இடத்திலிருந்து தொடங்குவோம்.

1. உதவி பெறப்போகும் இடத்துக்கு முதலில் போங்கள். மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை என்றால், இப்போது என்ன தேவை, பணமா பொருளா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அழைப்பிதழில் அதையே அச்சிடுங்கள்.

2. மண்டபம், ஒலியமைப்பு, அச்சு, சன்மானம் நான்கையும் அனுசரணையாளர்களிடம் முன்கூட்டியே பெற்றுவிடுங்கள். கச்சேரியில் சேரும் காசிலிருந்து ஒரு ரூபாய்கூடச் செலவுக்கு எடுக்கக் கூடாது. பாடகர் சன்மானம் வேண்டாம் என்றாலும் பக்கவாத்தியக்காரருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அது அவர்களின் சீவனோபாயம்.

3. சீட்டு விற்பதானால், அச்சடிக்கும் முன்பே களியாட்ட வரி பற்றி மாநகரசபையில் விசாரியுங்கள். எங்கள் தெரிவு இலவச அனுமதியும் இருக்கைதோறும் ஒரு நன்கொடை உறையும்தான். மண்டபத்துக்கு வெளியே ஒலிபெருக்கி வைப்பதானால் பொலிஸ் அனுமதி வேண்டும். மாலை 6 மணிக்குத் தொடங்கி 8.30க்கு முடியுங்கள்.

4. ஒலியமைப்பு. பெரும்பாலான கச்சேரிகள் சறுக்கும் இடம் இதுதான். திருமண வீட்டுக்கு வரும் ஒலியமைப்பாளர் இரண்டு மைக்கோடு வந்து நிற்பார். குரலுக்கு 1, வயலினுக்கு 1, மிருதங்கத்துக்கு 2 (வலக்கையால் வாசிக்கும் முகமான வலந்தலைக்கும் மறுமுகமான தொப்பிக்கும் தனித்தனி), கடத்துக்கு 1, தம்புராவுக்கு 1, கலைஞர்கள் தம் ஒலியைக் கேட்க மேடையை நோக்கி மொனிட்டர் ஒலிபெருக்கி 2 என்று தாளில் எழுதிக் கொடுங்கள். குரலுக்கு ஷூர் எஸ்எம் 58 மைக் போதும். எக்கோ வேண்டவே வேண்டாம், கமகம் (சுரங்களை அசைத்துப் பாடும் நுணுக்கம்) குழம்பிவிடும்.

மிருதங்கக்காரர் இடக்கைப் பழக்கமுள்ளவரா என்று முன்கூட்டியே கேளுங்கள். வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும் என்பதால் வழமையில் மிருதங்கம் பாடகரின் வலப்பக்கம், வயலின் இடப்பக்கம். இடக்கைக்காரர் என்றால் இரண்டும் இடம் மாறும், மைக் வயர்களும் மாறும். திரை விலக ஐந்து நிமிடம் இருக்கையில் இது தெரியவந்தால் பெரும் அல்லல்.

குளிரூட்டியை ஒலிச் சோதனைக்கு முன்பே போடுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் தளர்ந்திருந்த மிருதங்கத் தோல், உலர்ந்த குளிரில் இறுகிச் சுருதி ஏறும். அரை மணிநேரமாவது குளிர்ந்த மண்டபத்தில்தான் சுருதி சேர்க்க வேண்டும். பிறகு சனத்துக்குக் குளிர்கிறது என்று யாரும் அதை நிறுத்திப் போடாமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமியுங்கள்.

5. நிதி வேண்டுகோள் கச்சேரிக்கு முன், ஐந்து நிமிடம். தனி ஆவர்த்தனத்துக்கு (தாள வாத்தியக்காரர் தனித்து வாசிக்கும் பகுதி) முன் பொன்னாடை, உரை எதுவும் புகக் கூடாது.

6. உறைகளை இருவர் சேர்ந்து, அன்றிரவே, மண்டபத்திலேயே எண்ணிக் கையொப்பமிடுங்கள். இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் கட்டாயம்.

பின்சேர்க்கை: ஒரே மேடையில் ஆண், பெண் இருவர் அடுத்தடுத்துப் பாடினால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒருவருக்குச் சுருதி 1 கட்டை, மற்றவருக்கு 5 கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு) என்றால் ஒரே மிருதங்கத்தை இழுத்துச் சேர்க்க முடியாது. வாத்தியத்தின் அளவே வேறு. இரண்டு மிருதங்கம் கொண்டுவரச் சொல்லுங்கள், அவற்றை ஏற்றிவரும் வாகனச் செலவையும் அனுசரணைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.