கீழாநெல்லி பற்றி பேப்பர் தேடுவது எப்படி? உயிரியல் மாணவர்களுக்கு ஒரு செய்முறை

எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்டது கீழாநெல்லி. மூன்று வாரம் உட்கார்ந்து லிட்ரேச்சர் ரிவ்யூவுக்கு (முன்பு வந்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதும் பகுதி) அறுபது பேப்பர், அதாவது ஆய்வுக் கட்டுரைகள், சேர்த்தேன். வாய்மொழித் தேர்வான வைவாவில் வெளித்தேர்வாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதில் எத்தனை பேப்பர் நீங்கள் வைத்திருக்கும் செடியைப் பற்றியதம்மா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு தேடும் முறையையே மாற்றிக்கொண்டேன். ஜூனியர்கள் கேட்டால் இப்போது இதைத்தான் சொல்லித்தருகிறேன். உதாரணத்துக்கு அதே கீழாநெல்லியை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் தலைப்பு நிலவேம்பாக இருந்தாலும் கொசுவாக இருந்தாலும் வழி இதேதான்.

படி 1: முதலில் பெயர்

தேடுபொறியைத் திறப்பதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். நான் தடுக்கி விழுந்த இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊர்க் கீழாநெல்லி பில்லாந்தஸ் அமாரஸ். ஆனால் இந்தியாவில் வந்த பழைய பேப்பர்களை எடுத்தால் நிறைய இடங்களில் பில்லாந்தஸ் நிரூரி என்று இருக்கும். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால், நம் செடிக்கும் அந்தப் பெயர் நெடுநாள் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரேசிலில் சிறுநீரகக் கல்லுக்குக் கொடுக்கும் நிரூரியைப் பற்றிய பேப்பரும், தமிழ்நாட்டில் மஞ்சள் காமாலைக்கு அரைத்துக் கொடுக்கும் செடியைப் பற்றிய பேப்பரும் ஒரே பெயரில் வந்து நிற்கும்.

பெரிய ஆய்வாளர்களுக்கும் இது நடந்திருக்கிறது. ஹெபடைடிஸ் பி (வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி) ஆராய்ச்சிக்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும் சக ஆய்வாளர்களும் 1987-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாதமி இதழில் எழுதிய பேப்பரின் தலைப்பில் நிரூரி என்று இருக்கிறது. அடுத்த ஆண்டே அவர் சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து லான்செட் மருத்துவ இதழில் எழுதியதில் அமாரஸ் என்று இருக்கிறது. ஒரு பெயரை மட்டும் போட்டுத் தேடினால் இந்த இரண்டில் ஒன்று உங்கள் கண்ணில் படாது.

என்ன செய்ய வேண்டும்? லண்டன் கியூ தாவரவியல் பூங்கா நடத்தும் 'பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்' தளத்தில் உங்கள் செடியைத் தேடுங்கள். ஏற்கப்பட்ட பெயர், அதற்கு முன்பு வழங்கிய பெயர்கள், இயல்பாக வளரும் நாடுகள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். எல்லாப் பெயர்களையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தவறுதலாகப் புழங்கும் பெயர் அந்தப் பட்டியலில் வராமல் போகலாம். அதை உங்கள் கைடிடமோ தாவரவியல் துறையிலோ கேளுங்கள். நெல்லிக்காய் எடுத்திருப்பவர்கள் பில்லாந்தஸ் எம்பிளிகா, எம்பிளிகா அஃபிசினாலிஸ் இரண்டையும் சேர்க்க மறக்காதீர்கள்.

படி 2: பப்மெட்டில் தேடுவது

சிலர் கூகுளின் பேப்பர் தேடுதளமான கூகுள் ஸ்காலரில் ஆரம்பிப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. எந்த வரிசையில், எதை வைத்து முடிவுகளைக் காட்டுகிறது என்று அங்கே தெரியாது. மருத்துவ, உயிரியல் பேப்பர்களைத் தேடும் தளமான பப்மெட் அப்படியில்லை. நீங்கள் தட்டியதை அது எப்படிப் புரிந்துகொண்டது என்பதையும் காட்டிவிடும். 'அட்வான்ஸ்டு' பக்கத்துக்குப் போய் அந்த விவரத்தை ஒவ்வொரு முறையும் திறந்து பாருங்கள்.

நான் முதலில் தட்டியது இது (பெட்டியில் ஆங்கில எழுத்தில்தான் போட வேண்டும்): ஹெபடைடிஸ் ஆண்ட் அமாரஸ் ஆர் நிரூரி. ஆண்ட் போட்டால் இரண்டு சொல்லும் இருக்க வேண்டும், ஆர் போட்டால் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். நான் தட்டியது தவறு. பப்மெட் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போகும். அதனால் முதலில் ஹெபடைடிஸும் அமாரஸும் சேர்ந்து வரும் பேப்பர்களை எடுத்து, அதோடு நிரூரி என்ற சொல் உள்ள எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. என் அறுபதில் சிறுநீரகக் கல்லும் சர்க்கரை நோயும் அப்படித்தான் நுழைந்தன.

சரியான வடிவத்தில் இரண்டு பெயர்களையும் ஒரே அடைப்புக்குறிக்குள் போட வேண்டும்: (அமாரஸ் ஆர் நிரூரி) ஆண்ட் ஹெபடைடிஸ். ஆர், ஆண்ட் இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். செடியின் முழுப் பெயரை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அந்தச் சொற்றொடர் கிடைக்கவில்லை என்று பப்மெட் மேலே ஒரு வரி காட்டினால் அதைக் கவனியுங்கள். உங்கள் மேற்கோள் குறியைக் கழற்றிவிட்டுத் தேடியிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். பெரும்பாலும் எழுத்துப்பிழைதான் காரணமாக இருக்கும்.

பழைய இந்திய ஜர்னல்கள் பலவும் பப்மெட்டில் இல்லை. அதற்காக இரண்டாவதாக ஸ்காலருக்குப் போங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா இருக்கிறது. ஆய்வேட்டில் செய்முறையை விரிவாக எழுதியிருப்பார்கள். பேப்பரில் இரண்டு வரியில் முடித்த எக்ஸ்ட்ராக்ஷன் (செடியிலிருந்து சத்தைப் பிரித்தெடுப்பது) அங்கே பத்துப் பக்கம் இருக்கும்.

கிடைப்பதையெல்லாம் முதல் நாளிலிருந்தே பேப்பர்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் மென்பொருளான ஜோட்டெரோவில் சேமியுங்கள். இலவசம். நீங்கள் சேர்த்து வைத்த பேப்பரை ஜர்னல் பின்னாளில் திரும்பப் பெற்றுக்கொண்டால் அதுவே எச்சரிக்கும். இந்த ஒரு வசதிக்காகவே நான் வேறு எதற்கும் மாறவில்லை.

படி 3: பேப்பர் தேறுமா?

பேப்பரின் சுருக்கமான அப்ஸ்ட்ராக்டைப் படித்ததும் முடிவுரைக்குத் தாவாதீர்கள். ஆய்வை எப்படிச் செய்தார்கள் என்று சொல்லும் 'மெட்டீரியல்ஸ் அண்ட் மெத்தட்ஸ்' பகுதிக்கு நேரே போங்கள். செடி ஆய்வு என்றால் நான் முதலில் தேடுவது வவுச்சர் ஸ்பெசிமன் எண். ஆய்வுக்கு எடுத்த செடியின் உலர்ந்த மாதிரியை ஒரு ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகத்தில்) ஒப்படைத்து எண் வாங்கியிருக்க வேண்டும். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் அப்படி ஒரு பெரிய ஹெர்பேரியம் இருக்கிறது. எண் இருந்தால், பெயரில் குழப்பம் வந்தாலும் யாரும் போய் அந்த மாதிரியைப் பார்த்துச் சொல்லலாம். "உள்ளூர்ச் சந்தையில் வாங்கினோம்" என்று மட்டும் இருந்தால் அது எந்தச் செடி என்று அந்த ஆய்வாளருக்கே உறுதியில்லை.

அப்புறம் எதில் சோதித்தார்கள் என்று பாருங்கள். செல்லிலா, எலியிலா, மனிதரிலா? எலியின் கல்லீரல் தேறியதை மனிதருக்கு மருந்து கிடைத்ததாக எழுதிவிடக் கூடாது.

ஜர்னல் பற்றி ஒரு விஷயம். "பப்மெட்டில் இருக்கிறது, அதனால் நல்ல ஜர்னல்" என்று பலரும் நம்புகிறார்கள். பப்மெட்டுக்குள் மெட்லைன் என்பது தேர்வு செய்து சேர்த்த ஜர்னல்களின் தொகுப்பு. அதில் சேராத ஜர்னலின் பேப்பரும் வேறு வழிகளில் பப்மெட்டுக்குள் வரும். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் கேட்டலாகில் ஜர்னல் பெயரைப் போட்டால் மெட்லைனில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) தரமான ஜர்னல்கள் என்று வெளியிட்டுவந்த கேர் பட்டியலை 2025-இல் கைவிட்டுவிட்டார்கள். இனி இதையெல்லாம் நாம்தான் பார்த்தாக வேண்டும்.

படி 4: அதற்குப் பிறகு என்ன ஆயிற்று?

1988 லான்செட் பேப்பரையே பாருங்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்த 37 பேருக்குக் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் (தொற்று இருப்பதைக் காட்டும் வைரஸ் புரதம்) மறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போலி மருந்து (மருந்துச் சத்து இல்லாதது) எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான் மறைந்தது. லான்செட், சென்னை, நோபல் ஆய்வாளர் என்று எல்லாம் கூடி வந்திருக்கிறதே என்று என் ரிவ்யூவை அங்கேயே முடித்துவிட்டேன்.

முடித்திருக்கக் கூடாது. ஸ்காலரில் அந்தப் பேப்பருக்குக் கீழே உள்ள 'சைட்டட் பை' (அதை மேற்கோள் காட்டிய பேப்பர்கள்) இணைப்பை அழுத்தினால் கதை தொடர்கிறது. 1990-இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் அமாரஸைக் கொடுத்துப் பார்த்து, ஆன்டிஜென் போகவில்லை என்று அதே லான்செட்டில் எழுதினார்கள். 2011-இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 16 சோதனைகளை, 1326 நோயாளிகளைத் தொகுத்து அலசியது. போலி மருந்தைவிடப் பில்லாந்தஸ் மேலானது என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது பலன் தெரிந்தாலும், அந்தச் சோதனைகள் நடத்தப்பட்ட விதத்தை நம்பி முடிவெடுக்க முடியாது என்றார்கள்.

மனிதரில் சோதித்த விஷயம் என்றால் முதலில் காக்ரேனில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்து பின்னோக்கிப் படித்தால் பாதி நேரம் மிச்சம். வீட்டில் யாருக்காவது ஹெபடைடிஸ் பி இருந்தால், இந்தப் பேப்பர்களை நம்பி டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்த வேண்டாம். இதை அக்கறையோடு சொல்கிறேன்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்த ஒரு தங்கை, "எனக்குச் செடி இல்லை அக்கா, ஜீன்" என்று எழுதியிருந்தார். அங்கும் பெயர்ச் சிக்கல் இதேதான். எல்லோரும் பி53 என்கிறோம், மனித ஜீனின் அதிகாரப்பூர்வக் குறியீடு டி.பி.53. அமெரிக்காவின் தேசிய உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையத்தின் (என்.சி.பி.ஐ.) ஜீன் பக்கத்தில் மாற்றுப் பெயர்கள் எல்லாம் இருக்கும். அவற்றை எடுத்து, படி 2-இல் சொன்னபடி ஒரே அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

பின்சேர்க்கை 2: முழுப் பேப்பர் கிடைக்கவில்லை என்று நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். முதலில் முழுப் பேப்பர்களை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரல், அடுத்து இலவசப் பிரதி இருந்தால் தேடிக் காட்டும் அன்பேவால் என்ற பிரவுசர் நீட்சி. அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழக மாணவர்கள் மத்திய அரசின் 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' திட்டம் பற்றி நூலகரிடம் கேளுங்கள். 2025 ஜனவரியிலிருந்து 30 பதிப்பகங்களின் ஜர்னல்கள் அதில் கிடைக்கின்றன. எதிலும் இல்லையென்றால், பேப்பரில் தொடர்புக்கு என்று குறித்திருக்கும் ஆசிரியருக்கு நான்கு வரி மின்னஞ்சல் போடுங்கள். நீங்கள் யார், எந்தப் பேப்பர், எதற்காக, அவ்வளவுதான். எனக்கு மூன்று பேர் மறுநாளே அனுப்பிவைத்தார்கள். அதில் ஒருவர், நான் கேட்காமலேயே தன் வவுச்சர் மாதிரியின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார்.