பிலிப்பைன்ஸ் பாடத்தைப் பல்லாங்குழியில் தொடங்குங்கள்

பிலிப்பைன்ஸ் பற்றி வகுப்பில் சொல்ல வேண்டும் என்றதும் பலர் கொடியை வரைவார்கள், தலைநகர் மணிலா என்று கரும்பலகையில் எழுதுவார்கள், அத்தோடு பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடும். கடலூர், புதுச்சேரிப் பள்ளிகளில் இருக்கிற டீச்சர்களும் சார்களும் இவ்வளவு தூரத்திலிருந்து தொடங்க வேண்டியதே இல்லை.

முதல் பீரியடுக்கு யார் வீட்டிலாவது கிடக்கிற பல்லாங்குழியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிலிப்பைன்ஸ் பிள்ளைகள் இதைப் போலவே சுங்கா என்று ஒன்று ஆடுகிறார்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு 7 குழி, இரு முனையிலும் ஆளுக்கொரு பெரிய குழி. நம் பலகையில் பெரிய குழி இல்லையென்றால் இரண்டு கொட்டாங்குச்சியை வைத்தால் சரி. குழிக்கு 7 வீதம் 98 புளியங்கொட்டை வேண்டும். ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும், தன் கொட்டாங்குச்சியிலும் ஒன்று போடலாம், எதிராளியுடையதைத் தாண்டிவிட வேண்டும், கடைசிக் கொட்டை தன் கொட்டாங்குச்சியில் விழுந்தால் இன்னொரு ஆட்டம். முதல் ஆட்டத்தை மட்டும் இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள், அதில்தான் வகுப்பே கலகலத்துப் போகும்! ஆடி முடித்ததும் ஒற்றுமை வேற்றுமையைப் பிள்ளைகளே எழுதட்டும். யாரிடமிருந்து யார் கற்றது என்று கேட்டால் நம்மிடமிருந்துதான் போனது என்று சொல்லிவிடாதீர்கள், இந்த வகை ஆட்டம் ஆப்பிரிக்காவிலும் உண்டு.

அப்புறம் வரலாறு. 1989இல் லகுனா பகுதியில் ஆற்றில் மணல் அள்ளும்போது ஒரு செப்பேடு கிடைத்தது. சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900. நம்வரன் என்பவர் பட்ட தங்கக் கடன் தீர்ந்தது, அவர் வாரிசுகளும் விடுபட்டார்கள் என்பதுதான் அதில் இருக்கும் செய்தி. அதன் எழுத்துக்குக் காவி என்று பெயர், அது பல்லவர் எழுத்திலிருந்து வளர்ந்தது. அதன் படத்தையும் நம் ஊர்க் கல்வெட்டு ஒன்றின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், திருவந்திபுரம் பக்கம் இருப்பவர்கள் கோயிலுக்கே கூட்டிப்போகலாம். ஸ்பானியர்கள் வந்த பிறகுதான் அந்த நாட்டுக்கு வரலாறே தொடங்கியது என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வராமல் இருக்க இந்த ஒரு செப்பேடு போதும், ஆகவே ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டிய மெகல்லன் 1521இல் வந்ததையும் மக்தான் தீவில் அந்த ஊர்த் தலைவர் லாப்புலாப்புவின் ஆட்களோடு நடந்த சண்டையில் இறந்ததையும் இதற்குப் பிறகே சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1762. முந்தின வருஷம் ஜனவரியில்தான் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்திருந்தது. அதே ஏழாண்டுப் போரில் சென்னையிலிருந்து கப்பலேறிய ஆங்கிலப் படை 1762 அக்டோபரில் ஸ்பானியர் வசமிருந்த மணிலாவைப் பிடித்தது, 1764இல் திருப்பிக் கொடுத்தது. அந்தப் படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள், அவர்களில் சிலர் திரும்பாமல் மணிலாவுக்குக் கிழக்கே காயின்டாவில் குடும்பமாகிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பாத ஒரு சிப்பாய் அம்மாவுக்கு எழுதும் கடிதத்தை எழுதச் சொல்லிப் பாருங்கள்.

பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹொசே ரிசாலை பாரதியோடு சேர்த்துச் சொல்வது எளிது. ஒருவர் அடக்குமுறைக்குத் தப்பிப் புதுச்சேரிக்கு வந்து எழுதினார், இன்னொருவர் நாவல் எழுதி ஸ்பானிய ஆட்சியின் கோபத்துக்கு ஆளாகி 1896 டிசம்பர் 30 அன்று 35 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். ரிசால் கண் மருத்துவரும்கூட.

விவசாய வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் ஐ.ஆர். 8 நெல்லைப் பற்றித் தாத்தாவிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். அது 1966இல் பிலிப்பைன்ஸின் லோஸ் பானியோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம்.

புயலைக் கடைசியில் எடுங்கள், கொஞ்சம் பக்குவமாக. 2011 டிசம்பர் 30 தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்ததை வீட்டில் விசாரித்து வரட்டும். அடுத்த நாள் வகுப்பில், 2013 நவம்பர் 8 அன்று பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான் புயலைச் சொல்லுங்கள், அதில் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள், டக்லோபான் நகரம் சிதைந்துபோனது. சுனாமியில் சொந்தத்தை இழந்த குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் இருந்தால் முன்கூட்டியே வீட்டாரிடம் பேசிவிடுங்கள், இடிபாட்டுப் படங்களைக் காட்ட வேண்டாம்.